ரஹாங்கில் ஒரு பெரட்டு

மணியம் காலையில் அரை மணி நேரம் பேசுவதற்கு வருடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு மலேசிய வெள்ளி. சேவை வரி தனி.

பேச்சு என்றால் பெரிய சொற்பொழிவு ஒன்றும் இல்லை. ஆள் பெயர்களை வாசிப்பார், அவ்வளவுதான். ரஹாங்கில் அந்த ஒற்றை மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில், விடிவதற்கு முன்னால் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சுலைமான்... ரஃபிக்குல்... ஹர்தோனோ..." என்று ஒவ்வொன்றாக இறக்குவார். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டத்தில் ஆள்களை வரிசையாக நிறுத்திக் காலையில் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். பக்கவாதம் வந்து வலது கையின் பலத்தையும் வாயிலிருந்த சொற்களையும் வாரிக்கொண்டு போனபோது, போகிற போக்கில் கீழே சிந்திவிட்டுப் போனது இந்தப் பெரட்டு ஒன்றைத்தான். தண்ணீர் வேண்டுமென்றால் கிளாசைக் காட்டுவார். பசியாறினாயா என்று கேட்க வாயெடுத்தால் வேறு எதுவோ வரும்; வெட்கத்தில் மூடிக்கொள்வார். திரையில் பெயர்கள் வந்து நின்றால் மட்டும் வாய் தானாகத் திறக்கும்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த கிளாரிஸ் சொன்னாள்: "எது வருதோ அத விட்றாதீங்க ஆன்ட்டி. ஒரு வார்த்தை இன்னொன்னக் கூட்டிட்டு வரும்."

விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி பஞ்சாலை. செனாவாங்கில் அலுவலகம் வைத்திருந்த தெராத்தாய் தோட்ட நிறுவனத்தில் அவள் கொள்முதல் அதிகாரி. மணியமும் அதே நிறுவனத்து ஆள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் நோயில் விழுந்து ஓய்வு பெற்றதும், நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய அவருக்கு இருந்த கணக்கை மூடியிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பில் இருந்த பஞ்சாலை மூடவில்லை. பெயரை மட்டும் 'ரிசர்வ்' என்று மாற்றி, அறுபத்து நான்கு பேர் பட்டியலின் நடுவில், அரிசி மூட்டைக்குள் மோதிரத்தைப் புதைப்பதுபோல் புதைத்துவிட்டாள். பெரட்டையும் சம்பளத்தையும் பதிந்து வைக்க, ஒரு தலைக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் வாங்கும் மென்பொருள் அது. அந்தத் தலைக்கும் சேர்த்தே நிறுவனம் கட்டிக்கொண்டிருந்தது.

உரக்காரனையும் டயர்க்காரனையும் கண்ணில் தண்ணீர் வரும்வரை அடித்துப் பேசுகிறவள் செய்கிற காரியமா இது என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது. அவளுடைய அப்பா மோட்டாரில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகத் தவணைக்கு விற்றவர். "விலை சொல்றவன் மொகத்தப் பாக்காத, செருப்பப் பாரு. வாசப் பக்கம் திரும்பியிருந்தா இன்னும் கொறைக்க மாட்டான்னு அர்த்தம்" என்பார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு வேறு பட்டம் தேவைப்படவில்லை.

வருடக் கடைசியில் உரிமம் புதுப்பிக்க வேண்டும். மென்பொருள் கம்பெனியின் விற்பனையாளன் ஷங்கர் கோலாலம்பூரிலிருந்து பிஸ்கட் டின்னோடு வந்தான். கட்டணம் நூற்றுக்கு நாற்பது ஏறியிருந்தது.

"மூணு வருசத்துக்கு சைன் பண்ணிடுங்கக்கா. உங்களுக்காக பத்து பெர்சன்ட் கொறைக்கறேன்."

"நாப்பது ஏத்திட்டுப் பத்து எறக்கறியா? மரத்துல ஏத்திவிட்டு ஏணிய வாடகைக்கு விடற மாதிரி இருக்கு, தம்பி."

ஷங்கர் சிரித்தான். அவன் போட்டிருந்தது பளபளக்கும் சப்பாத்து. அது வாசலைப் பார்த்து வசதியாக நீட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு என்ன அவசரம்? மூன்று தோட்டங்களின் பத்து வருடச் சம்பளக் கணக்கும் அவன் கம்பெனி கூண்டுக்குள் இருந்தது. கோழி உங்களுடையதுதான், கூண்டுச் சாவி எங்களுடையது என்பது அவன் சிரிப்பின் பொருள்.

அவன் போனதும், புதிதாக வந்திருந்த நிதி மேலாளர் ரவிச்சந்திரன் பிஸ்கட் ஒன்றைக் கடித்துக்கொண்டே சொன்னான். "ஓப்பன் சோர்ஸ்னு இருக்குக்கா. எழுதினவங்களே எல்லாருக்கும் பொதுவுல வெச்சிடறாங்க. எடுத்துக்கலாம், நம்ம வசதிக்கு மாத்திக்கலாம். தலைக்கு இவ்ளோன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பாப்பமா?"

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க" என்றாள் பஞ்சாலை. "நான் பல்லு, கொளம்பு, வாலு எல்லாம் பாப்பேன். வரச் சொல்லுங்க."

வந்தவன் ஜோனத்தன். நீலாயில் நாலு பேரை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவன். மேலே சட்டை இஸ்திரி போட்டு, கீழே ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்போடு வந்திருந்தான். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"சும்மாவா குடுக்கறீங்க?"

"லைசென்ஸ் சும்மாதான்கா."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"வேலைக்குக் காசு வேணும் லா. பழைய கணக்கப் புதுசுக்கு மாத்தணும், தோட்டத்துல போயி சொல்லிக் குடுக்கணும், சர்வர் வாடகை இருக்கு."

"திடீர்னு நின்னுபோனா யாரத் திட்டறது? ஷங்கர் கம்பெனிக்கு ஒரு போர்டாவது இருக்கு."

"என்னைத் திட்டலாம். அதுக்குத்தான் சப்போர்ட்னு பேரு. மாசம் மூவாயிரத்து ஐந்நூறு."

"திட்டறதுக்கு மூவாயிரத்து ஐந்நூறா? எங்க வீட்டுல நான் எவ்ளோ வருசமா சும்மா திட்டிட்டிருக்கேன்."

கடைசியில் இரண்டாயிரத்து எண்ணூறுக்குத் திட்டலாம் என்று முடிவானது. பஞ்சாலைக்கு அவனைப் பிடித்துவிட்டது. இலவசம் என்று சொல்லிவிட்டு எங்கெங்கே செலவு வரும் என்றும் சொல்கிறவனை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

புதிய ஏற்பாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்கெடுக்க, ரவிச்சந்திரன் யார் எங்கிருந்து உள்ளே நுழைகிறார்கள் என்ற பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். மறுநாள் மதியம் அவளை அறைக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, எல்லாரும் தோட்டத்துலேர்ந்து வராங்க, இல்லன்னா ஆபீஸ்லேர்ந்து வராங்க. ஒருத்தர் மட்டும் தெனம் காலைல ரஹாங்லேர்ந்து வராரு. ரஹாங்ல நமக்கு ஏது தோட்டம்?"

அவளிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. மூன்றும் நல்ல சரக்கு. எந்தத் தணிக்கையிலும் விலை போகக்கூடியவை. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"அங்க ஒரு கிராணி இருக்காரு, தம்பி."

எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு மாதம் வாயே திறக்காதவர், ஒரு காலை பழக்கத்தில் மடிக்கணினியைத் திறந்ததையும், ரகசியச் சொல்லை இடது கை விரல்கள் தாமாகவே அடித்ததையும், முதல் பெயரை அவர் வாசித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும். ரவிச்சந்திரன் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வருசத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு, வரியோட நான் கட்டிடறேன்" என்றாள். "இனிமேயும் நானே கட்டறேன். அந்த ஒரு சீட் மட்டும் இருக்கட்டும்."

"கட்டுங்கக்கா. மேல நான் பேசிக்கறேன். ஆனா சீட் இருக்க முடியாது." அவன் குரல் தாழ்ந்தது. "அதுல அந்த ஆளுங்களோட பாஸ்போர்ட் நம்பர், சம்பளம், கடன், எல்லாம் இருக்கு. வேலைய விட்ட ஒருத்தரு வீட்டுல உக்காந்து தெனம் பாக்கறாருன்னா, அந்த ரஃபிக்குல் வந்து என்னைக் கேட்டா என்ன சொல்வேன்?"

விலையை உடைக்கலாம். நியாயத்தை உடைப்பதற்கு அவளுடைய அப்பா எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று மாலை, வேறு யாரையும் விடாமல், பஞ்சாலை தன் கையாலேயே அந்தக் கணக்கை மூடினாள்.

வீட்டில் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாள். சாப்பாடு போடும்போது சொல்லலாம் என்று தள்ளினாள். மாத்திரை கொடுக்கும்போது சொல்லலாம் என்று தள்ளினாள். காலையில் அவர் அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டார்.

ரகசியச் சொல்லை அடித்தார். சிவப்பில் ஒரு வரி வந்தது. மறுபடி அடித்தார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி, இன்னொரு முறை அடித்தார். பிறகு அவர் திரையைக் குறை சொல்லவில்லை. இடது கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட இருந்தே ஏமாற்றிவிட்ட கூட்டாளியைப் பார்ப்பதுபோல.

பஞ்சாலை ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கையில தப்பு இல்லீங்க. நாந்தான் மூடிட்டேன். அத நாம பாக்கக் கூடாதாம்."

அவர் தலையாட்டினார். புரிந்தது. மடிக்கணினியை மூடினார். அதற்குப் பிறகு வாயையும் திறக்கவில்லை. ஒரு வாரம் போனது. கிளாரிஸ் கொடுத்த படப் புத்தகத்தைக் காட்டினால் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வந்துகொண்டிருந்த ஒன்றும் நின்றுவிட்டால், கிளாரிஸ் சொன்ன அந்த இன்னொன்று எதைப் பிடித்துக்கொண்டு வரும்?

அலுவலகத்தில் ஜோனத்தன் புதிய மென்பொருளைக் காட்டிக்கொண்டிருந்தான். பெரட்டுப் பக்கம் அப்படியே பழையது மாதிரி இருந்தது. "எங்க வீட்டுலயும் ஒன்னு போட்டு வெச்சிருக்கேன். வேலைக்காரம்மாவுக்கு நாள் கணக்கு பாக்க என் வொய்ஃப் அதத்தான் யூஸ் பண்றாங்க" என்றான்.

பஞ்சாலை நிமிர்ந்தாள். "வீட்டுலயா? கம்பெனிக்குத்தானே குடுத்தாங்க?"

"யாருக்கு வேணா குடுப்பாங்கக்கா. உங்க வீட்டுல போடலாம், பக்கத்து வீட்டுல போடலாம். பேரு நாம போடறதுதான்."

"எவ்ளோ?"

"சொன்னேனே. சும்மா."

அவள் அன்று மாலையில் ரவிச்சந்திரனிடம் போய்த் தன் ஒப்பீட்டுக் கணக்கைக் கொடுத்தாள். மாற்றுகிற செலவால் முதல் வருடம் இலவச மென்பொருளுக்குத்தான் செலவு அதிகம். இரண்டாம் வருடம் ஏறக்குறையச் சமம். மூன்றாம் வருடத்திலிருந்துதான் மிச்சம். ஒரு காசைக்கூட அவள் மறைக்கவில்லை. "கூட்டத்துக்கு நான் வரலை, தம்பி. எனக்கு இதுல ஒரு ஆசை வந்துடுச்சு. ஆசைப்பட்டவ வெல பேசினா கடை முழுகிடும்."

இயக்குநர்கள் அவள் இல்லாமலே முடிவெடுத்தார்கள். சிறிய தோட்டத்துக்கு இப்போதே புதியது. மற்ற இரண்டும் இன்னும் ஒரு வருடம் பழையதில். போட்டிக்கு ஆள் வந்த செய்தி கேட்ட ஷங்கர், அந்த ஒரு வருடத்துக்குப் பழைய விலையே போதும் என்றான். இந்த முறை பிஸ்கட் டின் சற்றுப் பெரியது.

ஞாயிற்றுக்கிழமை ஜோனத்தன் ரஹாங்குக்கு வந்து மணியத்தின் மடிக்கணினியில் அதைப் பதித்துக் கொடுத்தான். மாதிரிக்காக உள்ளே சில பெயர்கள் இருந்தன: ஆண்டர்சன், மேரி ஜேன், ஸ்மித். மணியம் அவற்றை ஒருமுறை பார்த்தார். பெர்மிட் இல்லாமல் வரிசையில் வந்து நிற்கிற ஆள்களைப் பார்க்கிற பார்வை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவங்கள அனுப்பிடுங்க" என்றாள் பஞ்சாலை. "நம்ம ஆளுங்களப் போடுவோம்."

கேட்காமல் யார் பெயரையும் போடக் கூடாது என்ற பாடம் அவளுக்கு இப்போது மனப்பாடம். வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டு மங்கம்மாவைக் கேட்டாள்.

"பேரு குடுத்தா சம்பளம் உண்டா?" என்றாள் மங்கம்மா.

"அட்டன்டன்ஸ் மட்டும்தான்."

"என் வீட்டுக்காரரும் அதத்தான் குடுக்கறாரு. போடு லா."

பேப்பர் போடும் சுகுமாறன் சரி என்றார். ரொட்டி சானாய்க் கடை பெர்னார்ட், கிளாரிஸ், எதிர் வீட்டு மாயாண்டி, அவர் மகள், மருந்துக்கடைச் சீனர், குப்பை லோரி ஓட்டும் ஹம்சா எல்லாரும் சம்மதித்தார்கள். எட்டுப் பெயர் ஆனது. ஒன்பதாவது கட்டத்தில் பஞ்சாலையின் விரல் நின்றது. பழைய பட்டியலில் தோட்டத்து ஆள்களின் பெயர்தான் இருக்கும். அலுவலகத்தில் இருக்கிறவளை யாரும் பெரட்டில் கூப்பிடுவதில்லை. இரண்டு வருடமாக அவளை யாரும் வீட்டில் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. தன் பெயரை அடித்துவிட்டு, பிள்ளையார் உண்டியலில் செல்லாத நோட்டைப் போட்டவள்போல் சட்டென்று மூடி வைத்தாள்.

திங்கட்கிழமை விடிகாலை அவர் வந்து உட்கார்ந்தார். பஞ்சாலை முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் காப்பி கலக்கினாள். நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"மங்... கம்மா."

வேலிக்கு அந்தப் பக்கம் துணி அலசும் சத்தம் நின்றது. "இருக்கேன் லா, கிராணி." மணியத்தின் தொண்டையில் சிரிப்பு மாதிரி ஒன்று கரகரத்தது. "சுகுமாறன்" என்றார். பேப்பர் ஏற்கெனவே வாசலில் கிடந்தது. பெர்னார்ட். கிளாரிஸ். ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். ஹம்சாவோடு குரல் நின்றது.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பஞ்சாலை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"பஞ்... சாலை."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அது நின்றுவிடும் என்று பயந்தாள். அப்போது இன்னொரு முறை, சற்று வேகமாக, "பஞ்சாலை" என்று வந்தது. திரும்பினாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம். வந்தவனுக்கு ஒன்று, பாதி நாள் நின்றவனுக்கு அரை. எட்டுப் பேருக்கும் தாராளமாக ஒன்று போட்டிருந்தார். அவள் பெயருக்கு எதிரே அரை.

"அரையா? ஹம்சா வாரத்துல ரெண்டு நாள் குப்பை எடுக்க வராரு, அவருக்கு ஒன்னு. சமைச்சு, மாத்திர குடுத்து, ராத்திரி காலு புடிச்சு விடறவளுக்கு அரையா?"

அவர் இடது கையை உயர்த்தி நாற்காலியில் தொங்கிய அவளுடைய அலுவலகப் பையைக் காட்டினார். பிறகு தனக்கு எதிரே இருந்த காலி நாற்காலியைக் காட்டினார்.

எந்த ரசீதையும் ஒரு வெட்டு வெட்டாமல் விட்டதில்லை அவள். வாயைத் திறந்தாள். மூடினாள். பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிய காப்பியை அவர் பக்கம் தள்ளினாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அன்றைய பெரட்டு: ஆள் ஒன்பது. முழு நாள் எட்டு, அரை நாள் ஒன்று. வரவு எட்டரை. பஞ்சாலை பேரில் பாக்கி, அரை நாள்.