கதவில் தொங்கிய டைடி

மெத்தையின் நான்காவது மூலையை முழங்கையால் தூக்கிப் பிடித்து விரிப்பை உள்ளே திணித்துக்கொண்டிருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து வராந்தாவில் டக், டக், டக்.

பருந்து!

எங்கள் ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் சூப்பர்வைசர். பெயர் நாங்கள் வைத்தது. சட்டென்று ஒரு தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். சீருடைக்குள் ஆறு மாதம். தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டிலோ, கணவர் கால் முறிந்து கட்டோடு படுத்திருந்தார். இன்னும் இரண்டு மாதம் எப்படியாவது ஓட்டியாக வேண்டும்.

"எத்தனை ரூம் முடிஞ்சுது?"

"அஞ்சு, மேடம்."

"மணி பதினொண்ணே கால். பதினாலுல அஞ்சா? ஊர்வலம் போறியா? ரெண்டு மணிக்கு ஒண்ணு குறைஞ்சாலும் மேல எழுதிடுவேன்." பார்வை தலையணை மேல் ஒரு நொடி நின்றது. "அது என்ன, கைக்குழந்தையா? கட்டில்ல போடு."

பறந்துவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். விருந்தாளிகள் கதவுக் குமிழில் மாட்டும் அட்டையில் 'ப்ளீஸ் டைடி மை ரூம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். க்ளீன் தெரியும். டைடி என்றால்?

"அழுக்கை எடுத்தா க்ளீன். செருப்பு ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க கெடந்தா அது அழுக்கா? இல்லல்ல? ஆனா ஒரு ஆள் இருந்துட்டுப் போன மாதிரி இருக்கும். அந்த 'இருந்துட்டுப் போனதை' எடுக்கணும். அதான் டைடி. போ, போய்ப் பண்ணு."

தலையணை உறையின் திறந்த வாய் கதவைப் பார்க்கக் கூடாது. தண்ணீர் டம்ளர் கவிழ்ந்திருக்க வேண்டும். நாற்காலி மேசைக்குள் போயிருக்க வேண்டும். இன்றைக்கும் எங்கள் வீட்டில் "டைடி பண்ணு" என்றுதான் சொல்கிறோம். அதற்கு வேறு சொல்லே எங்களுக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலை. எனக்கான பட்டியலில் வழக்கமான பதினாலு அறைகளில் ஒன்று அடிக்கப்பட்டு, 309 எழுதியிருந்தது. போனேன். குமிழில் அட்டை. உள்ளே பெட்டி இல்லை, துணி இல்லை. விரிப்பு லேசாகக் கசங்கி, தலையணையில் ஒரு பள்ளம். பாதி தண்ணீரோடு டம்ளர். அவ்வளவுதான்! இரண்டே நிமிடம். ஓர் அறைக்கு இருபத்தைந்து நிமிடம் கணக்கு. மீதி நேரம் ஜன்னலைத் திறந்துவிட்டு, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். வயிற்றுக்குள் அவளும் காலை நீட்டினாள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"யாருக்கா அந்த 309?" என்று துணிக் கிடங்கு அக்காவிடம் கேட்டேன்.

"நான் பார்த்ததே இல்லடி. பேயா இருக்கும்."

"பேய் அட்டை மாட்டுமா?"

"படிச்ச பேய்!"

இரண்டு மாதமும் அந்த நாற்காலிதான் என்னைத் தாங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மொட்டைமாடியில் யாரோ துணி உலர்த்துவார்கள். அதைப் பார்த்தபடி, முகம் தெரியாத அந்த விருந்தாளி நன்றாயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள்கூட என் கணக்கு குறையவில்லை. கணவர் எழுந்து வேலைக்குப் போன வாரம் நானே வேலையிலிருந்து நின்றுகொண்டேன். பருந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "ம்" என்றாள்.

இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. போன வாரம் கண் மருத்துவமனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எங்கேயோ பார்த்த ஞாபகம். அந்த ஹோட்டலின் ரிசப்ஷன்காரர்! மீசைதான் வெளுத்திருந்தது. மகளை அறிமுகப்படுத்தினேன். பேச்சு எங்கெங்கோ போய், பருந்து காலமாகி நாலு வருடம் என்ற இடத்தில் நின்றது.

"309-ல மாசக்கணக்கா ஒருத்தர் இருந்தாரே சார், அவர் யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"309-லயா? ஏசி கெட்டுப்போய் அந்த வருஷம் பூரா அதை யாருக்கும் விடலையேம்மா."

"இல்ல சார். தினமும் நான்தானே டைடி பண்ணேன்? படுத்து எழுந்த கட்டில்..."

"அதுவா?" அவர் குரல் தணிந்தது. "உங்க சூப்பர்வைசரம்மா தினம் காலைல வந்ததும் முதல்ல அங்கதான் போவாங்க. ஒருநாள் கதவு திறந்திருந்துச்சு, எட்டிப் பார்த்தேன். காலி ரூம்ல, செருப்பைக் கழட்டி வெச்சிட்டு, அந்தக் கட்டில்ல படுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுட்டு இருந்தாங்க. எழுந்து வெளிய வந்து, குமிழ்ல அட்டையை மாட்டிட்டு, 'பொழைப்பைப் பாருய்யா'ன்னாங்க."