நாற்பது கட்டி சூடம்

ஊர் உலகமெல்லாம் கல்யாணமான கையோடு ஊட்டி, மூணாறு என்று கிளம்பும். இருதய அருணும் கலைப்பிரியாவும் கல்யாணமாகி ஒன்றரை வருசம் கழித்து, முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு சொந்த மாவட்டத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். செஞ்சிக் கோட்டை, மண்டகப்பட்டு குகைக்கோயில், பெருமுக்கல் மலை. கிடைத்த டவுன் பஸ், மிச்சத்துக்கு நடை. நாலாம் நாள் காலையில் ஒலக்கூர் தாண்டி, பேர்கூட இல்லாத ஒரு குன்றின் அடியில் வந்து நின்றார்கள்.

ஜாலியாக ஊர் சுற்ற வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒட்டுப்போட்ட குடித்தனம் நிற்குமா நிற்காதா என்று பார்க்க வந்த பயணம் அது. மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, திண்டிவனத்து வாடகை வீட்டில் பிரியா சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். அருணுக்கு இருமல். "போதும், அந்தப் பொகைய அணைச்சித் தொலை" என்றான். வேதக்காரப் புத்தியைக் காட்டிட்டீங்களே என்று அவள் கொதித்துவிட்டாள். அன்றைக்கே கோலியனூர் அம்மா வீட்டுக்குப் போனவள் நாற்பது நாள் திரும்பவில்லை. அவன் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சியபோது ஒரே ஒரு ஒப்பந்தம் போட்டாள். அவள் சாமி விஷயத்தில் அவன் வாயைத் திறக்கக் கூடாது; அவன் சர்ச் விஷயத்தில் அவளும் திறக்க மாட்டாள். இன்னொரு தடவை திறந்தால் அதோடு சரி. இப்படியும் ஒரு ஒப்பந்தமா என்று கேட்காதீர்கள். ஆளில்லாத வீட்டில் நாற்பது நாள் தனியாகக் கிடந்தவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. அவனாக வந்து கூப்பிட்டால், பிரிந்திருந்த நாளுக்கு ஒரு கட்டி வீதம் மலைமேல் சூடம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். செஞ்சியில் காவலாளி தீப்பெட்டியைப் பார்த்ததுமே விரட்டினார். பெருமுக்கல்லில் இவர்கள் ஏறிய நேரம் நடை சாத்தியிருந்தது. சூடம் பையிலேயே இருந்தது.

குன்றில் பாதி ஏறியதும் ஒரு சுனை. பிரியா முகம் கழுவ இறங்கினாள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அஞ்சம்மாள் அருணிடம் வந்தாள்.

"தம்பி, மேல அம்மன் கல்லுக்குத்தான போறீங்க? கும்புட்டுட்டு வாங்க. நெருப்பு கிருப்பு மட்டும் கொளுத்திடாதீங்க. பாறையில மலைத்தேனீ கட்டிக்கினு இருக்குது. போன வருசம் ஒரு ஆள கட்டில்ல வெச்சித்தான் தூக்கிக்கினு எறங்கினோம்."

"சரிங்கம்மா" என்றான். பையிலிருந்த சூடம் நினைவுக்கு வந்தது.

மேலே போகப் போக ஒரு ஆடுகூட இல்லை. காற்று நின்றுபோயிருந்தது. அம்மன் கல்லுக்கு நேர்மேலே துருத்திய பாறையின் அடியில், முறம் முறமாக மூன்று தேனடை கறுப்பாகத் தொங்கின. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நெளிவு ஓடி ஓடி அடங்கியது. பிரியா அண்ணாந்து பார்க்கவே இல்லை. மஞ்சள் பூசிய கல்லின் முன்னால் உட்கார்ந்து, சூடக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

சொல்லித் தொலையேன்டா! ஒரு வார்த்தைதானே! நாக்கு நுனிவரை வந்தது. கொளுத்தாதே என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அணை என்றான், இன்றைக்குக் கொளுத்தாதே என்கிறான் என்றுதானே அவளுக்குக் கேட்கும்?

"பிரியா..."

அவள் கை நின்றது. திரும்பினாள். "இன்னா? எதனா சொல்லப்போறீங்களா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாளே, அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"ஒண்ணுமில்ல. ஜல்தியா முடி, வெயில் ஏறுது" என்றான். சூடம்தானே, ரெண்டு நிமிசத்தில் எரிந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

நாற்பதும் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. கரும்புகை நேராக மேலே போனது. பிரியா கண்ணை மூடிக் கைகூப்பி, "இனிமே எங்களப் பிரிச்சிடாதம்மா" என்று வாய்விட்டே வேண்டினாள். மேலே இரைச்சல் மாறியது.

அப்புறம் ஓட்டமும் அலறலும்தான். பையிலிருந்த போர்வையை உருவி அவள்மேல் போட்டு, அவளை இழுத்துக்கொண்டு சுனைவரை எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. அஞ்சம்மாள் கூச்சல் போட்டு ஆட்களைச் சேர்த்தாள். நாலு பேர் பிரியாவைத் தூக்கி வந்து ரோட்டோரப் புளியமரத்தடியில் கிடத்தினார்கள்.

அருணின் முதுகெல்லாம் கொட்டு. அவன் அதை நினைக்கவே இல்லை. பிரியாவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. மூச்சு கீச்சுக்கீச்சென்று இழுத்தது. அந்த நிலையிலும் அவன் கையை அவள் விடவில்லை. ஐயோ, நம்பிப் பிடித்திருக்கிறாளே என்று அவனுக்கு நெஞ்சு வெடித்தது.

அஞ்சம்மாள் ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே அழுதாள். "படிச்சிப் படிச்சி சொன்னனே பாப்பா, மேல நெருப்பு வெக்காதீங்கன்னு. உன் ஊட்டுக்காரர் சரிங்கம்மான்னு தலைய ஆட்டினாரே. உங்கிட்ட சொல்லலியா?"

வீங்கிய இமைகளுக்கு நடுவே பிரியாவின் ஒரு கண் மெல்லத் திறந்தது. அருணையே பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒலக்கூர்ப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக அவன் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.