நீளவாக்கு

அரைமில்லி என்ற பட்டப்பெயரை வைத்தது அவனுடைய அண்ணன்தான். அண்ணனின் இரும்புக் கடையில் வேலை பார்த்த பதினொரு வருஷமும், எதை அளந்தாலும் "அரை மில்லி இடிக்குது" என்று முனகிக்கொண்டே இருந்தான். போன மாதம் ஒருவழியாகக் கடையை விட்டு வெளியே வந்து, வீட்டு முன்னறையில் பாதியைப் பிடித்துச் சொந்தப் பட்டறை போட்டான். மீதிப் பாதி மனைவியின் தையல் மெஷினுக்கு. நடுவே ஒரு சாக்பீஸ் கோடு, அதுவும் அளந்து போட்டது.

அண்ணன் வந்து பார்த்தார். "முதல் வேலையில சொதப்புனே, மறுநாளே கடைக்கு வந்துடணும். டேப்போட முனையைப் பிடிக்க எனக்கு ஆள் இல்ல."

இவனும் வீறாப்பில் தலையை ஆட்டித் தொலைத்தான்.

முதல் வேலை ஒரு பல் டாக்டரம்மாவின் வரவேற்பு கவுண்டர். மரச்சட்டத்தின் மேல் மூன்று அலுமினியத் தகடுகள்: முன்பக்கம் ஆறடிக்கு மூன்றடியில் ஒன்று, பக்கவாட்டில் மூன்றடி உயரத்தில் சின்னதாக இரண்டு. பளபளவென்று மின்னக் கூடாது, மயிரிழை மாதிரி கோடு கோடாக இருக்க வேண்டும், அதையும் கையாலேயே தேய்க்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

கேட்க லேசான வேலைதான். கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, இந்த முனையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முனை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் நின்றால் தழும்பு விழும். திரும்பி வரும்போது கட்டையைத் தூக்கிவிட வேண்டும், தேய்த்துக்கொண்டே வந்தால் குட்டிச்சுவர். ஆறடித் தகட்டை முடிப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. அரைமில்லியின் மணிக்கட்டும் வீங்கிப்போனது.

"மிச்ச ரெண்டையும் நான் தேய்க்கிறேன், சொல்லிக் குடுங்க" என்றாள் மனைவி.

"ஒரே இழுப்பு. திரும்பித் தேய்க்காத. நீளவாக்குல தேய், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாள் காலை மூன்றையும் சட்டத்தில் பொருத்தி நிமிர்த்தி வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான். முன்பக்கக் கோடெல்லாம் இடமிருந்து வலமாகப் படுத்திருந்தன. பக்கவாட்டுக் கோடெல்லாம் மேலிருந்து கீழாக நின்றுகொண்டிருந்தன. நிறமே வேறாகத் தெரிந்தது.

"நீளவாக்குலன்னுதானே சொன்னேன்!"

"நீளவாக்குலதான் தேய்ச்சேன். கழுத்துல ஆரம்பிச்சு கால்ல முடிச்சேன்."

"தகட்டுக்கு ஏதும்மா கழுத்து?"

"நிமிர்ந்து நிக்கிற எதுக்கும் நீளம்னா மேலேருந்து கீழதான். குறுக்கால போனா அது சுற்றளவு. நீங்கதான் முன்பக்கத்தைச் சுற்றளவுல தேய்ச்சு வச்சிருக்கீங்க."

இருபது வருஷமாகப் பாவாடை தைக்கிறவளிடம் நீளத்தைப் பற்றி என்ன பேசுவது? அவள் தேய்த்ததில் ஒரு கோடு கூடக் கோணவில்லை என்பதைப் பார்த்தபோது அவனுக்குக் கோபத்தோடு பொறாமையும் வந்தது.

வேடிக்கை பார்க்கவென்றே அண்ணன் வந்து சேர்ந்தார். கவுண்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைக்குக் காலையில சீக்கிரம் வந்துடுடா. சரக்கு இறங்குது."

பதில் சொல்வதற்குள் டாக்டரம்மாவும் வந்துவிட்டார். பதினொரு வருஷத்து டேப் முனை கண்முன்னே வந்து ஆடியது. அந்தக் கடைக்குத் திரும்பிப் போக அவனுக்குத் துளியும் மனசில்லை.

டாக்டரம்மா முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இதைத் தேய்ச்சது யாரு?"

"நான்தாங்க."

"பக்கவாட்டுல?"

"வீட்டுல இவங்க. ஒரு சின்னத் தப்பு நடந்து…"

"சின்னத் தப்பா? இவ்வளவு பெரிய தகட்டைக் குறுக்கால தேய்ச்சு வச்சிருக்கீங்களே!" டாக்டரம்மாவின் குரல் ஏறியது. "குறுக்கால தேய்க்காதீங்க, மேலேருந்து கீழ தேய்ங்கன்னு நாள் பூரா தொண்டை கிழியக் கத்துறேன். என் கவுண்டரே குறுக்கால தேய்ச்சு நின்னா எவன் என் பேச்சைக் கேப்பான்? எங்க, பல்லைக் காட்டுங்க."

அரைமில்லி பல்லைக் காட்டினான்.

"நினைச்சேன். பல்லையும் குறுக்காலதான் தேய்க்கிறீங்க." பிறகு அவன் மனைவியைப் பார்த்து முகம் மலர்ந்தார். "நீங்கதாம்மா சரியாத் தேய்ச்சிருக்கீங்க. முன்பக்கத்தையும் இதே மாதிரி பண்ணிடச் சொல்லுங்க. அப்புறம் உள்ளே நாலு கதவு இருக்கு, அதையும் நீங்களே செஞ்சு குடுத்துடுங்க."

டாக்டரம்மா போனதும் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிப் புருஷனிடம் நீட்டினாள்.

"நீளவாக்குல தேய்ங்க" என்றாள். "உங்க நீளவாக்குல இல்ல, என் நீளவாக்குல."

மூக்குடைந்தாலும் அரைமில்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தகட்டைக் கழற்றி மேசையில் போட்டு, டேப்பை உருவினான்.

"அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க. இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

வேறு வழியில்லாமல் அண்ணன் பிடித்தார்.

"அரை மில்லி தள்ளிப் பிடிங்கண்ணே."