இரண்டு கதவுள்ள வண்டி

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யில் தொடங்குகிறது. ஒரே வரிப் பொய். அதை எழுதத்தான் மூன்று வருடமாக உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். முதல் பிரதி இப்படித் தொடங்கியது:

‘2009இல் சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில் ஒரு படப்பிடிப்பு. அதற்குக் கேரவன் எடுக்கச் சென்னைக்குப் போன கதிரவன் என்ற இளைஞன்—’

கதிரவன் என்று ஒருவனும் கிடையாது. போனவன் நான். கலைமணி, கடலூர் மஞ்சக்குப்பம். அப்போது சினிமா கம்பெனிகளுக்கு உள்ளூர் ஏற்பாடுகள் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் வரியிலேயே ஆளை மாற்றப் பார்த்தேன் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

2

கேரவன் தெரியும்தானே? நடிகர்கள் ஓய்வெடுக்க, படுக்கையும் கழிப்பறையும் உள்ளேயே வைத்துக் கட்டிய வண்டி. சென்னையில் அவற்றை வாடகைக்கு விடுகிற ஷெட்டில் மூன்று நின்றன. ஒன்று வேனை மாற்றிக் கட்டியது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, மூலையில் கழிப்பறை, அவ்வளவுதான். அடுத்தது பஸ் அளவு. நடுவில் தடுத்து இரண்டு அறை, இரண்டு கதவு, அறைக்கொரு கழிப்பறை. பெயிண்ட் உரிந்து பல்லை இளித்தது. மூன்றாவதும் பஸ்தான், ஆனால் முழுக்க ஒரே அறை. கறுப்புக் கண்ணாடி, சோபா, பளபளவென்று வெளிப்பக்கம்.

ஷெட்டைப் பார்த்துக்கொண்ட பழனிவேல் நெய்வேலிப் பக்கத்து ஆள். “ரெண்டு ரூம் வண்டிய எடுத்துட்டுப் போங்க தம்பி” என்றார். “ஒரு பக்கம் ஹீரோயினு. இன்னொரு பக்கம் கூட்டத்துப் பொம்பளைங்க போய்ட்டு வர ஆவும். வாடகை ஒண்ணுதான்.”

மூன்றாவதை எடுத்தேன்.

(இங்கே ஒரு நல்ல காரணம் வைத்தால் கதை நிமிரும். இரண்டு அறை வண்டிக்கு பிரேக் சரியில்லை என்று ஒரு பிரதியில் எழுதியும் பார்த்தேன். பிரேக் நன்றாகவே இருந்தது.)

சிதம்பரம் மேலவீதியில் அந்தப் பளபளப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும் என்று ஆசை. வேறொன்றுமில்லை. கிள்ளைக்குப் போக அந்தத் தெரு தேவையே இல்லை. டிரைவரைச் சுற்றிவரச் சொன்னேன். தெரிந்தவர் ஒருவர் கையாட்டினார். பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

3

கூட்டக் காட்சிக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள்.

பிரதி இரண்டு: ‘வந்தவர்களில் கிள்ளையைச் சேர்ந்த ஒரு பெண்—’

பிரதி நான்கு: ‘விருத்தாம்பாள் என்ற கூலிக்காரப் பெண்—’

இல்லை. அவள் என் அக்கா. கூடப் பிறந்தவள். சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். படத்தில் முகம் தெரியும் என்று ஆசை காட்டி அழைத்துவந்தவன் நான்தான். அவளுக்குச் சர்க்கரை உண்டு.*

படப்பிடிப்பு நடந்த இடம் வெறும் மணல் திட்டு. மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லை. சுற்றிலும் வேடிக்கை பார்க்கிற ஆண்கள். பதினோரு மணிக்கு என்னிடம் வந்தாள்.

“கலை, அந்த வண்டியில ஒரே நிமிஷம் போய்ட்டு வந்துரட்டா?”

“அதெல்லாம் ஆர்ட்டிஸ்டுக்குக்கா. இன்னும் ஒரு ஷாட்டுதான். பொறுத்துக்க.”

“சரிடா. என்னால ஒனக்கு எதுவும் பிரச்சன வேணாம்.”

நடிகை மாலையில்தான் வருவதாக இருந்தது. வண்டி காலியாக நின்றது. சாவி என் சட்டைப் பையில்.

* இது உங்கள் இரக்கத்துக்காகச் சேர்த்ததல்ல. அவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பவனே நான்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

4

ஒரு மணி இருக்கும். எட்டாவது முறையாக அதே காட்சி. குடத்தோடு முன்வரிசையில் நடந்துவந்த அக்கா பாதியில் நின்றாள். சேலை நனைந்து, கீழே மணலும்—

(இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அவளை மறுபடி அங்கே நிற்கவைக்கிறேன். விட்டுவிடுகிறேன்.)

கூட்டம் சிரித்தது. படக் கம்பெனி மேனேஜர் என் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“யாருய்யா அது? உன் ஆளா?”

“தெரியல சார். யாரோ கூட்டத்துல வந்த பொம்பள.”

பத்தடி தூரத்தில் நின்றாள் அக்கா. காற்று பலமாக அடித்தது, அவள் காதில் விழுந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன். எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடி, “வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதடா” என்றாள். தலையாட்டினேன்.

5

முடிவு ஒன்று: தம்பி காலில் விழுகிறான், அக்கா தூக்கி நிறுத்துகிறாள். (அழகாகத்தான் இருக்கிறது. நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: படம் கடலூரில் ஓடுகிறது. திரையில் அக்கா குடத்தோடு— (அந்தக் காட்சியையே வெட்டிவிட்டார்கள்.)

அக்கா என்று எழுதினால் தலையாட்டியது பொய்யாகிறது. யாரோ ஒருத்தி என்று எழுதினால் மேனேஜரிடம் சொன்னதை அச்சிலும் ஏற்றியவனாகிறேன். இரண்டு நாள் முழித்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே போன் செய்தேன். எழுதியவரை எல்லாம் சொன்னேன், நான் சொன்ன அந்த ஒரு வரியைத் தவிர. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“எழுதிக்க” என்றாள். “ஆனா அக்கான்னு போடாத. ஒங்க மாமா பக்கத்துல யாராச்சும் படிச்சா நல்லாருக்காது.”

“வேற எப்பிடிக்கா போடறது?”

“யாரோ கூட்டத்துல வந்த பொம்பளன்னு போட்டுடேன். அன்னிக்கு அந்த சார்கிட்ட சொன்னியே.”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வழி காட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

6

மூன்றாம் பகுதியில் ‘அவள் என் அக்கா’ என்று ஒரு வரி இருக்கிறது. அடிக்கப் போனேன், கை வரவில்லை. அப்படியே விடலாம் என்றால் அதற்கும் மனசு வரவில்லை. ஆகவே அது உங்களிடம் வருகிறது. அந்த வரியையும் மற்ற ‘அக்கா’க்களையும் அடித்துவிட்டீர்களானால் அவள் கேட்டது நடக்கும். அடிக்காமல் விட்டால் நான் சொல்லியிருக்க வேண்டியது நிற்கும். எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். யாரென்று கேட்டபோது அக்காவையே தெரியாது என்றவன் நான்.