நெஞ்சுக்கறிக்கு ஆள் உக்காரணும்

டேய், முப்பத்திரண்டு பல்லையும் சும்மா வாயில அடுக்கி வெச்சிருக்கிற சோம்பேறிங்களா, கிட்ட வாங்க. உங்கள்ல ஒருத்தனுக்காவது அடுப்பு பத்த வைக்கத் தெரியுமாடா? சகாயம், நீ கைய எறக்கு. நீ பத்த வெச்சது அடுப்பு இல்ல, உங்கம்மா முந்தானை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கறி வெந்து பதமாச்சுன்னா, அதுல இருந்த விறைப்பு அழிஞ்சு போறதில்ல. வெளிய வந்து, பக்கத்துல மெத்துனு எது இருக்கோ அதுல ஏறிக்கும். கோழின்னா ஒரு தலகாணி போதும். அடுப்புப் பக்கத்துல வெச்சா தலகாணி பலகையாயிடும், மறுநாள் வெயில்ல போட்டா சரியாப் போயிடும். ஆட்டுக்கறிக்கு ஒரு மெத்தை. மாட்டுக்கறிக்கு ஆள் உக்காரணும். அதுலயும் நெஞ்சுக்கறி இருக்கே, அந்த மாடு ஆயுசு பூரா படுக்கவும் எழுந்திருக்கவும் அந்த நெஞ்சைத்தான் ஊனியிருக்கு. மொத்த விறைப்பும் அங்கதான்.

எட்டாம் பிளாக்கு ரெண்டாவது மாடி ரூபவதிக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நெஞ்சுக்கறி வேக வெச்சே ஆகணும்னு வந்துச்சு. காரணம் அவங்க நைனா எசக்கியேல். ஹார்பர்ல மூட்டை தூக்குன மனுஷன். இப்ப நாலே நாலு பல்லு. மேல ரெண்டு, கீழ ரெண்டு, ஒண்ணை ஒண்ணு பாத்ததே கிடையாது. ரெண்டு மாசமா வெறும் கஞ்சி. வியாழக்கிழமை காலையில கஞ்சி டம்ளரைக் கவுத்து வெச்சிட்டு, "நெஞ்சுக்கறி கொண்டா. அதுவரைக்கும் இந்த வாய் தொறக்காது"ன்னு சொன்னார். மூடிட்டார். அதுக்கப்புறம் கஞ்சியும் உள்ள போகல, பேச்சும் வெளிய வரல.

டாக்டரு வந்து பாத்தார். "திங்கக்கிழமை வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டார்.

ரூபவதி முடிவு பண்ணிட்டாங்க. "ஸ்பூனால அமுக்குனா பிரியணும். பல்லே வேணாம், நாக்குலயே நசுங்கணும். சொட்டு விறைப்பு கூட உள்ள இருக்கக் கூடாது."

எதிர்வீட்டு அமலோற்பவம் அக்கா வாசப்படியில நின்னு யோசனை சொன்னாங்க. "ரெண்டு துண்டு பப்பாளிக்கா போடேன்டி."

"போட்டா விறைப்பு வெளிய வராதுக்கா. உள்ளயே ஒளிஞ்சுக்கும். தின்னவங்க வயித்துக்குள்ள போய் எழுந்து நிக்கும்."

"அப்ப குக்கர்ல வை."

"நீங்க போன வருஷம் குக்கர்லதான வெச்சீங்க? விசில் வழியா பீச்சிக்கிட்டு வந்து எங்க வீட்டு இட்லியில ஏறிடுச்சு."

"அதைத்தான கதவுக்கு அண்டக் கொடுத்த?"

"இன்னும் அதேதான் கொடுத்திருக்கேன்."

கடையில ஜக்கரியா பாய் எல்லாரையும் கேக்குற மாதிரிதான் கேட்டார். "எலும்போடவா, தனிக்கறியா? யாரும்மா உக்கார்றது? வீட்டுக்காரரா?"

"அவர் வேணாம் பாய். ஈஸ்டருக்கு உக்காந்தார்."

ரூபவதி வீட்டுக்காரர் பீட்டர்பால் ஆட்டோ ஓட்றவர். ஈஸ்டர் கறி வெந்ததும் இடுப்பு மடங்கல. மூணு நாள் ஆட்டோ கூரையில ஓட்டை போட்டு, நின்னுக்கிட்டே ஓட்டினார். சவாரி வந்தவங்க ஒண்ணும் சொல்லல, மீட்டர் போடச் சொன்னாங்க. அதுக்கே கறி பாதிதான் வெந்துச்சு. அந்தாளு உடம்புல அதுக்கு மேல எடம் இல்ல.

"மெத்துனு இருக்கிற ஆளாப் பாரும்மா. ஏற்கெனவே கெட்டியா இருக்கிறவங்க மேல ஏறாது."

"என் கொழுந்தன் இருக்கான்."

அந்தக் கொழுந்தன் பேரு இப்ப வேணாம். காலேஜ் ரெண்டாவது வருஷத்துல பாதி வகுப்புல எழுந்து வந்தவன், அதுக்கப்புறம் வேற எதுக்குமே எழுந்திருக்காதவன்.

"அவனா?"ன்னார் பாய். "அவன் மேல முழு மாட்டையும் ஏத்தலாமே." ஒன்றரைக் கிலோவை வெட்டாம ஒரே துண்டா, கொழுப்புப் படலத்தோட மடிச்சுக் கொடுத்தார்.

முதல் பூசை முடிஞ்சு வந்ததும் வேலை ஆரம்பிச்சுது. உப்பு, மஞ்சத்தூள், மிளகு, இஞ்சி பூண்டு எல்லாம் தடவி, சின்ன வெங்காயத்தை வதக்கி, அடி கனமான குண்டான்ல கொழுப்பு மேல பாக்குற மாதிரி படுக்க வெச்சாங்க. மூடிய சுத்தி மைதா மாவு பூசி, ஒரு மூலையில மட்டும் ஊசி ஓட்டை. தீ, இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பாக்குற அளவுக்கு. முட்டி அடுப்பைத் தொடுற மாதிரி ஸ்டூலப் போட்டு கொழுந்தனை உக்கார வெச்சாங்க.

"எழுந்த, கால ஒடிச்சிடுவேன்."

"அண்ணி, ஒண்ணுக்கு வந்தா?"

"ஏறுறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடு. ஏறிடுச்சுன்னா மூணு நாளைக்கு வராது."

ரூபவதியே ஏன் உக்காரலன்னு கேப்பீங்க. அடுப்பைப் பாத்துக்கிற ஆள் மேல விறைப்பு ஏறாதுடா. அது ஒரு மரியாதை. இன்னொண்ணு, வெளிய வர்ற நேரத்துல பக்கத்துல ஆளே இல்லன்னா, அது கறிக்குள்ளயே திரும்பிப் போயிடும். அப்புறம் ஒரு வருஷம் வேக வெச்சாலும் வராது.

பதினோரு மணிக்கு ஊசி ஓட்டையில முதல் ஆவி வந்துச்சு.

"அண்ணி, சுண்டுவிரல் மடங்க மாட்டேங்குது."

"நல்ல சேதி."

கொழுந்தன் அந்த விரலையே பாத்துக்கிட்டிருந்தான். கொஞ்ச நேரத்துல பக்கத்து விரலும் நின்னுச்சு. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு எழுந்தான். பானை வீட்டுக்குள்ள இருந்துச்சு, அவன் வெளிய போனான். மாடிப்படியில அவன் காலு டொக், டொக்னு எறங்குறது ரூபவதிக்குக் கேட்டுச்சு. கீழ் படி வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல.

ரூபவதி ஊசி ஓட்டையைப் பாத்தாங்க. ஆவி ஓட்டைக்கு வெளிய வந்து, காலி ஸ்டூலப் பாத்துட்டு, மெதுவா உள்ள திரும்ப ஆரம்பிச்சிருந்துச்சு. உள் ரூம்ல நைனா கட்டில்ல சாஞ்சிருந்தார். கழுத்தெலும்புக் குழியில கால் டம்ளர் தண்ணி நிக்கும். வாய், ஒட்டுன தபால் கவர் மாதிரி.

"அமலோற்பவம் அக்கா, இங்க வாங்க. இனிமே அடுப்பு உங்களோடது."

"நீ எங்கடி போற?"

"எங்கயும் போகல. உக்காரப் போறேன்."

அவசரப்பட்டு உக்காரல. முதல்ல ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாங்க. கூந்தலை இறுக்கிக் கட்டுனாங்க. பெரிய ஸ்பூன் ஒண்ணை எடுத்து வலது கையில பிடிச்சுக்கிட்டு, உள்ள போய் ஸ்டூல் உயரத்துக்கு முட்டிய மடக்கி, நைனா வாய்க்கு நேரா நீட்டி உயரம் பாத்தாங்க. கையை அப்படியே வெச்சுக்கிட்டு வந்து ஸ்டூல்ல உக்காந்தாங்க. எந்த வாட்டத்துல உக்கார்றமோ அந்த வாட்டத்துலதான் மூணு நாள் இருக்கணும். அது அவங்களுக்குத் தெரியும்.

ஆவி திரும்பிப் பாத்துச்சு. ஏறிடுச்சு.

பன்னண்டு மணிக்கு முட்டி. ஒரு மணிக்கு இடுப்பு. கொழுந்தனுக்கு ஏறியிருக்க வேண்டியதும் சேத்து ஏறுச்சு. பீட்டர்பால் சவாரி முடிச்சு வந்து பக்கத்துல நின்னார்.

"போதும் ரூபா, பாதியோட நிறுத்திக்கலாம்."

"பாதி வெந்தா பாதி வாய்தான் தொறப்பார். சும்மா இருங்க."

ரெண்டரை மணிக்கு தாடைக்கு வந்துச்சு. "அக்கா, எடுத்ததும் வெட்டிடாதீங்க, கால் மணி நேரம் ஆறட்டும். அப்புறம் நாரு ஓடுற பக்கமா வெட்டாம குறுக்கால வெ..." அதோட வாய் நின்னுச்சு. கண்ணு மட்டும் ஓடிச்சு. அமலோற்பவம் அக்கா தலையாட்டுனாங்க. புரிஞ்சுக்கிட்டாங்க.

மூடிய ஒடைச்சப்ப கறி மூச்சு விட்டுச்சு. குறுக்கால கத்தி வெச்சா, கத்தி கேக்குறதுக்கு முன்னாடியே பிரிஞ்சு கொடுத்துச்சு. பீட்டர்பாலும் அக்காவும் ரூபவதிய ஸ்டூலோட தூக்குனாங்க. நீட்டுன கை கதவுல இடிச்சுது. "லெஃப்ட்ல திருப்பு, மேல இடிக்குது, கொஞ்சம் சாய்"னு பீரோ ஏத்துற மாதிரி ஏத்தி, கட்டிலுக்கு முன்னாடி எறக்குனாங்க. ஸ்பூன்ல ஒரு துண்டு, மேல கொஞ்சம் குழம்பு. பீட்டர்பால் ஸ்டூலப் பின்னாடி பிடிச்சு முன்னால சாய்ச்சார். ஸ்பூன் சரியா உதட்டுல போய் நின்னுச்சு.

நைனா தொறக்கல. ஸ்பூனைப் பாத்தார். கையைப் பாத்தார். கை வந்த வழியா போய் பொண்ணு முகத்தைப் பாத்தார். அவங்களால கெஞ்ச முடியல, சிரிக்க முடியல. கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் தொறந்தாங்க.

வாய் தொறந்துச்சு.

நாக்கால மேலண்ணத்துல அமுக்குனார். மெல்லல. முழுங்கிட்டார். மூணு நாளைக்கப்புறம் அவர் பேசுன முதல் வார்த்தை, "உப்பு கம்மி."

சொல்லிட்டு மறுபடியும் வாயத் தொறந்தார். பீட்டர்பால் சாய்ச்சார், நிமித்துனார், சாய்ச்சார், நிமித்துனார். சட்டை நனைஞ்சிடுச்சு. ரூபவதி கண்ணுல இருந்து ஒரு சொட்டு எறங்குச்சு. பாதிக் கன்னம் வந்ததும் அதுவும் விறைச்சு அங்கயே நின்னுச்சு. அமலோற்பவம் அக்கா அதைக் கிள்ளி எடுத்து, உடையாம பத்திரமா ஜன்னல் மேல வெச்சாங்க.

மேல வேலை முடிஞ்சதால, கறி வாசனை செருப்பு மாட்டிக்கிட்டு கீழ எறங்குச்சு. பிளாக் வாசல்ல கொழுந்தன் கேரம் போர்டு முன்னாடி தனியா உக்காந்திருந்தான். எதிர்ல ஆள் இல்ல. வாசனை உக்காந்துச்சு. மூணு போர்டு ஆடுனாங்க. மூணுலயும் சிவப்புக் காயை வாசனைதான் போட்டுச்சு. ஸ்ட்ரைக்கர்ல லேசா எண்ணெய்ப் பிசுக்கு, அவ்வளவுதான்.

முறைக்காதடா சகாயம். அந்தக் கொழுந்தன் நான்தான். தண்ணி தாகம்லாம் ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன், ஓடிட்டேன். சாயந்தரம் மேல போய், எங்கண்ணி கண்ணு முன்னாடியே உக்காந்து, ரெண்டு தட்டு தின்னேன்.