அக்கா கொடுத்த ஏஞ்சல்

கண்ணாடிக்கடைக்காரரின் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. பதினெட்டு வருடமாக மூக்குக்கண்ணாடி விற்கிறார். இந்த பிரேம் உங்கள் முகத்துக்கு எடுபடவில்லை என்று ஒருவரிடம்கூடச் சொன்னதில்லை. ஊரில் பாதிப் பேர் ஆந்தை மாதிரி நடமாடுவதற்கு அவர்தான் பொறுப்பு என்பாள் அவர் மனைவி. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நிறுத்தம் இல்லாத இடத்தில் கைகாட்டினால் சொந்தத் தம்பிக்கும் வண்டி நிற்காது.

அவருக்கு ரத்தக்கொதிப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், "வீட்டுல ஒரு மீன் தொட்டி வைங்க. தினமும் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்க, மனசு அடங்கும்" என்றார். வழக்கம்போல இதற்கும் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

மீன் கடை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்கார அம்மாளுக்கு ஐம்பதுக்கு மேல் வயது, முழங்கை வரைக்கும் எப்போதும் ஈரம். மீனை விற்பதைவிட விற்காமல் இருப்பதில்தான் அவருக்கு அக்கறை அதிகம். இரண்டடித் தொட்டி ஒன்றை வாங்கிய கையோடு கண்ணாடிக்கடைக்காரர் மீனும் கேட்டார்.

"மீன் இன்னைக்குக் கிடையாது."

"இவ்வளவு இருக்கே?"

"இருக்கு. உங்களுக்குக் கிடையாது. மூணு வாரம் தண்ணியை ஊத்தி மோட்டாரை ஓட விடுங்க. தொட்டி பழகட்டும், அப்புறம் வாங்க."

மூன்று வாரம் அவர் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளதைச் சொன்னால் அந்த மூன்று வாரமும் கொதிப்பு நன்றாகவே இறங்கியது.

மறுபடி போனபோது, பாட்டிலில் கொண்டுபோன தொட்டித் தண்ணீரில் ஒரு காகிதப் பட்டையை முக்கி, நிறம் பார்த்த பிறகுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்தார். "எது வேணும்?"

அவர் தங்கமீனைக் காட்டினார்.

"அது குளிர்ந்த தண்ணியில இருக்கற ஜாதி. தின்னுட்டே இருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி அசிங்கமும் பண்ணும். இந்தச் சின்னத் தொட்டி தாங்காது."

நீல வால் விரித்து நின்ற ஃபைட்டரைக் காட்டினார்.

"அது தனிக்குடித்தனம்."

உடம்பில் கறுப்பு வரி ஓடிய குட்டி மீன்களைக் காட்டினார்.

"டைகர் பார்ப். யாருக்கு வால் நீளமா இருந்தாலும் அதுக்குப் பொறுக்காது, கடிச்சுடும்."

கடைசியாக, முக்கோணமாய், நீண்ட துடுப்புகளோடு மெல்ல அசைந்துகொண்டிருந்த ஏஞ்சலைக் காட்டினார். "இது பார்க்கறதுக்கு சாதுவா இருக்கே."

"சாதுதான், பசிக்கிற வரைக்கும். வாயில எது நுழையுதோ அது சாப்பாடு."

இப்படியே அரை மணி நேரம் போனபின், நீலமும் சிவப்புமாய் மின்னும் விரல்நுனி அளவு நியான் மீன் பத்தும், அடித்தரையை மோந்துகொண்டே திரியும் கோரி மீன் ஆறும் அவர் கைக்கு வந்தன. கூடவே ஒரு சீட்டு. 'நியான் பத்து. கோரி ஆறு. வேறு யாரும் வரக்கூடாது.' வீட்டுக்குப் போனதும் அதைத் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா வந்துவிட்டாள். அக்கா அஞ்சலக அதிகாரி. அவள் நீட்டியதை வாங்காமல் திருப்பி அனுப்பும் துணிச்சல் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. இந்தத் தடவை அவள் நீட்டியது தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பை. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஏஞ்சல், இடது கண்ணுக்குப் பின்னால் மச்சம் மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி.

"உன் தொட்டி வெறிச்சுனு கிடக்கும்னு எனக்குத் தெரியும். இவளைப் பாரு, ராணி மாதிரி இருக்கா இல்ல?"

அவர் சீட்டைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள்.

"நல்லா இருக்காக்கா" என்றார்.

அக்கா போனதும் மனைவி கேட்டாள். "சீட்டுல என்ன எழுதியிருக்கு?"

"நியான் பத்து, கோரி..."

"கடைசி வரியைப் படிங்க."

அவர் படிக்கவில்லை. திங்கட்கிழமை நியான் ஒன்பது இருந்தது. புதன்கிழமை ஏழு. செடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒளியவெல்லாம் இல்ல. உள்ளதான் இருக்கு" என்றாள் மனைவி.

"எங்க உள்ள?"

அவள் ஏஞ்சலின் வயிற்றைக் காட்டினாள்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா ஃபோன் பண்ணுவாள். "சாப்பிட்டாளா?"

"நல்லா சாப்பிடறா."

"என்ன சாப்பிடறா?"

"இங்க இருக்கறதைத்தான்."

இந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை என்று அவர் தன்னைத்தானே தேற்றிக்கொள்வார். ஆனாலும் ஃபோனை வைக்கும்போது காது சுடும்.

இரண்டாவது வாரம் மனைவியின் தம்பி வந்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன். சும்மா நிற்கும் எதையும் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நாற்காலியையே நாலு தடவை தூக்கி வைப்பான். தொட்டியைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. "என்ன மாமா, ஒரு துடிப்பே இல்ல? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு." மறுநாள் காலையில் பையோடு நின்றான். பைக்குள் நாலு டைகர் பார்ப்.

"தம்பி, இதுங்க வந்து..."

"நன்றியெல்லாம் வேணாம் மாமா."

பையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, ஓட்டமாகவே போய்விட்டான். தம்பிதான் கொண்டுவந்தான் என்று தெரிந்ததும் மனைவி சீட்டை மட்டும் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஒரே வாரத்தில் ஏஞ்சலின் துடுப்புகள் எலி கடித்த துணி மாதிரி ஆயின. பத்துப் பேரை விழுங்கிய ராணி, தண்ணீரை இளஞ்சூடாக வைக்கும் ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். கோரிகள் மட்டும் எந்த ஆட்சி மாறினாலும் நமக்கென்ன என்று தரையை மோந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்கடைக்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு மீன்கடைக்கு ஓடினார்.

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "நான் கொடுத்த சீட்டு எங்க?" என்றார்.

"தொட்டியில ஒட்டியிருக்கேன்."

"மீன் படிக்கறதுக்கா எழுதிக் கொடுத்தேன்?"

"இப்ப என்ன பண்றது?" என்றார் அவர்.

"ஏஞ்சலைத் தனியா ஒரு வாளியில விடுங்க. ஹீட்டரும் காத்துக்குழாயும் போடுங்க. தினமும் கொஞ்சம் தண்ணி மாத்துங்க, துடுப்பு வளர்ந்துடும். அந்த வரிக்காரங்களை இங்க கொண்டாந்து கொடுத்துடுங்க."

"அது மைத்துனன் கொடுத்தது. ஞாயித்துக்கிழமை வரான். அக்காவும் வராங்க."

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

அடிபட்ட ஏஞ்சல் குளியலறை வாளிக்குக் குடிபோயிற்று. சனிக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர், எந்தக் கேள்வியும் கேட்காத இன்னொரு கடையைத் தேடிப் போய், அதே அளவில் இன்னொரு ஏஞ்சல் வாங்கினார். வீட்டுக்கு வந்து தொட்டிக்குள் கிடந்த மரக்கிளையின் நிழல் அதன் இடது கண்ணுக்குப் பின்னால் மச்சம் மாதிரி விழும்படி விளக்கைத் திருப்பி வைத்தார்.

"என்னத்துக்கு இந்தப் பாடு? உங்க அக்காகிட்ட உள்ளதைச் சொல்லிட்டா என்ன?" என்றாள் மனைவி.

"வருத்தப்படுவா."

"நான் மூணு நாளா ஒரு மீன் முறைச்சுப் பார்க்கப் பார்க்கக் குளிக்கிறேன். என் வருத்தம்?"

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மைத்துனனும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அக்கா நேராகத் தொட்டிக்குப் போனாள், முகத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தாள்.

"இளைச்சிருக்கா."

"வெயில்" என்றார் அவர்.

அப்போது ஒரு டைகர் பார்ப், புது ஏஞ்சலின் துடுப்பை ருசி பார்த்துவிட்டு ஓடியது. அக்கா நிமிர்ந்தாள். "இந்த வரி போட்ட ரவுடிங்க யாரு?"

"நான் வாங்கிக் கொடுத்தது" என்றான் மைத்துனன்.

"அதான் பார்த்தேன். கொடுத்தவங்க குணம் வராமப் போகுமா?"

"அக்கா, உங்க ராணி பத்துப் பேரை முழுங்கியிருக்கா. என் பசங்க விளையாட்டுக்குத்தான் கடிக்கிறாங்க. உங்காளு ஏப்பம் விட்டிருக்கு."

"அவ அப்படியெல்லாம் செய்யறவ இல்ல. தினமும் நான் விசாரிக்கிறேன். கேளு உங்க மாமாவை."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர், "காபி?" என்றார்.

"கை கழுவிட்டு வரேன்" என்று அக்கா எழுந்தாள்.

"அக்கா, அங்க குழாயில தண்ணி வரல."

"வாளியில இருக்கும்ல?"

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அக்காவின் இரண்டு கையிலும் வாளி இருந்தது. ஹீட்டரின் ஒயர் தரையில் இழுபட்டது.

"குளியலறையில என் மீன் இருக்கு. மச்சத்தைப் பார்த்தேன்" என்றாள் அக்கா நிதானமாக. "அப்போ தொட்டியில இருக்கறது யாரு?"

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "நிறுத்தம் வந்துடுச்சு. இறங்குங்க" என்றாள்.

மருத்துவர் கொதிப்பு பார்க்கும் கருவியோடு அந்நேரம் பக்கத்தில் இருந்திருந்தால் முள் எங்கே போய் நின்றிருக்குமோ. வாயைத் திறந்தவர் பிறகு மூடவில்லை.

"அக்கா, உன் மீன் என் மீனையெல்லாம் தின்னுடுச்சு. தம்பி, உன் மீன் அக்கா மீனைக் கடிச்சுக் கொதறிடுச்சு. இது நான் நேத்து வாங்கின வேற ஏஞ்சல். இதையும் உன் ஆளுங்க கடிக்க ஆரம்பிச்சாச்சு. எனக்கு ஏஞ்சலும் வேணாம், பார்ப்பும் வேணாம். பத்து நியான் போதும். அதைப் பார்த்துக்கிட்டு அரை மணி நேரம் சும்மா உட்காரணும், அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மைத்துனன் வாயைப் பிளந்தபடி நின்றான். மாமா சேர்ந்தாற்போல இத்தனை வாக்கியம் பேசி அவன் கேட்டதில்லை.

அக்கா வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். "மீன் கிடக்கட்டும். தினம் ஏழு மணிக்கு ஃபோன்ல என்கிட்ட எதுக்குடா மழுப்பின?"

"நீ வருத்தப்படுவேன்னு."

"இப்போ இதை வாளியில பார்த்தேனே, சிரிச்சுக்கிட்டா வரேன்?"

அக்கா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "துடுப்பு வளருமா?" என்று கேட்டாள்.

"வளர ஆரம்பிச்சிருக்கு. தினமும் தண்ணி மாத்தறேன்."

"நீயேவா?"

"நானேதான்."

"ம்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கியது. ஆரஞ்சில் பாதியை மனைவி அவளிடம் நீட்ட, வாங்கிக்கொண்டாள்.

மறுநாளே அக்காவைக் கூட்டிக்கொண்டு அவர் மீன் கடைக்குப் போனார். அங்கே அக்கா அதிகாரமாக ஒரு உயரமான தொட்டி கேட்டாள். மீன்கடை அம்மாள் அதைவிட அதிகாரமாக, பழகின தொட்டித் தண்ணியும் வடிகட்டிப் பஞ்சும் தம்பி வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டால்தான் மீனை அதில் விடலாம் என்றார். வேறொருவர் சொல்ல அக்கா தலையாட்டியதைக் கண்ணாடிக்கடைக்காரர் அன்றுதான் பார்த்தார். இரண்டு ஏஞ்சலும் அவளோடு போயின. நாலு டைகர் பார்ப்பை மைத்துனன் உடற்பயிற்சிக் கூடத்து வரவேற்பறைக்கு எடுத்துப்போனான். கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு மற்றவரை விட்டுவிடும் என்று மீன்கடை அம்மாள் சொல்ல, இன்னும் எட்டு வாங்கிச் சேர்த்தான். அங்கே ஓடுபொறியில் ஓடுகிறவர்கள் இப்போது அதைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்களாம்.

கண்ணாடிக்கடைக்காரருக்குப் புதிதாகப் பத்து நியான் கிடைத்தது. இந்தத் தடவை அந்த அம்மாள் சீட்டு எழுதித் தரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அக்காவின் ஃபோன் வந்தது. "டேய், நீ என்னை ஏமாத்த வாங்கின மீன் ஆம்பளை. ரெண்டும் ஜோடி சேர்ந்து இலையில முட்டை போட்டிருக்கு. முந்நூறுக்குக் குறையாது. குட்டி வளர்ந்ததும் உனக்கு இருபது எடுத்து வைக்கிறேன்."

அவர் தொட்டியைப் பார்த்தார். நியான்கள் ஒரே கூட்டமாக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

"வேணாம்க்கா."

"பத்து?"

"ஒண்ணும் வேணாம்."

அந்தப் பக்கம் அக்கா கோபப்படுவாள் என்று காத்திருந்தார். அவளோ யோசித்துக்கொண்டிருந்தாள். "அப்போ யாருக்குத் தள்ளிவிடலாம், நீயே சொல்லு."

"சின்ன அத்தை வீட்டுல பெரிய தொட்டி இருக்கு. ஆனா பாவம்க்கா, அத்தைக்கு யார்கிட்டயும் வேணாம்னு சொல்லத் தெரியாது."

"அதான் நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா. "அவங்க நம்பரைச் சொல்லு."