முனிரத்தினம் தைத்த வாத்திறகுப் போர்வை

மலை வியாழக்கிழமை வந்தது. ஆற்காட்டில் தண்ணீர்த்தொட்டித் தெருவின் கடைசியில், மாவு மில்லை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு ஒருவர் மேலே போய்க் குளிர வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். தெருவில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. போன மாதம் கடல் வந்தபோதும் இப்படித்தான்.

ரிட்டையரான பஸ் கண்டக்டர் முனிரத்தினம் வீட்டிலிருந்து அவர் மனைவி சுலோச்சனா போனாள். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அவள்தானே. முனிரத்தினம் "நான் போறேன்" என்று சொல்லத்தான் செய்தார். கார்டில் இருந்த போட்டோவைக் காட்டினார்கள்.

அறிவிப்பு தெளிவாக இருந்தது. வீட்டு ஆள் தன் கையால் தைத்த வாத்திறகுப் போர்வையோடு வந்தால் போனவரைத் திருப்பி அனுப்புவார்கள். கடையில் வாங்கியது செல்லாது. மலையில் வேர்க்கக் கூடாது. வேர்ப்பவர்கள் உடனே இறக்கிவிடப்படுவார்கள். அடுத்த ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு, மேலே இருப்பவர்களோடு மலை வாலாஜாவுக்குப் புறப்படும். அதற்கப்புறம் எங்கே போகும் என்று மலைக்கே தெரியாது.

தினமும் பால் பாக்கெட்டோடு ஒரு சீட்டு வந்தது. முதல் நாள் முழுத்தாள். "இங்க ரொம்பக் குளிருதுங்க. மாவு புளிச்சிடும், ஃப்ரிட்ஜ்ல வைங்க." திங்கட்கிழமை பாதித்தாள். புதன்கிழமை பஸ் டிக்கெட் அளவு. "குளிருது" என்று மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமைச் சீட்டு அரிசி அளவுக்குத்தான் இருந்தது. அதில் எழுத இடம் இல்லை.

முனிரத்தினம் ஊசி டப்பாவைத் தேடி எடுத்தார். அவர் ஊசியில் நூல் கோத்ததே இல்லை. சட்டையில் பட்டன் அறுந்தால் மறுநாள் காலை அது இருக்கும். எப்படி வந்தது என்று இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை, மகராசன்.

எதிர்வீட்டு ஏகாம்பரம் தையல் மிஷினாகி நாலு நாள் ஆகியிருந்தது. கேட்டதும் அவர் மனைவி கொடுத்துவிட்டாள்.

"எடுத்துட்டுப் போங்கண்ணா. சும்மாதான் குந்திக்கினு இருக்காரு. எண்ணெய் ரெண்டே சொட்டு. ஜாஸ்தி விட்டா பாட ஆரம்பிச்சிடுவாரு."

ஏகாம்பரத்தைக் கூடத்தில் வைத்தார்.

"துணி இன்னாது?" என்றார் ஏகாம்பரம்.

"குடைத்துணி."

"மெல்லிசு ஊசியாப் போடு. ஓட்டை பெருசாச்சுன்னா இறகு எட்டிப் பாக்கும்."

"மேல்துணி, கீழ்த்துணி ரெண்டையும் சேத்து ஒரே தையலா அடிச்சிடவா?"

"அடிச்சா அந்தக் கோட்டு வழியா குளிர் உள்ள பூந்துடும். நடுவுல ரெண்டு விரல் உயரத்துக்குச் சுவர் வை. அறை அறையாப் பிரி. அப்பத்தான் இறகு ஒரே மூலைல போய் ஒதுங்காது."

இருபத்துநாலு அறைகள். மூன்றாவது வரிசைச் சுவரை அடிக்கும்போது முனிரத்தினம் போர்வைக்குள்ளே போய்விட்டார். நீளமான நடை. இருபுறமும் காலி அறைகள். நடக்க நடக்க நடை நீண்டது. பழக்க தோஷத்தில் "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குது" என்றார். போக ஆள் யாரும் இல்லை. ஐந்தாவது வரிசை வழியாக அவர் வெளியே வந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

"எங்கப்பா பூட்ட?"

"உள்ளதான்."

"நீ பூட்ட நேரத்துல தையல் கோணிச்சு பாரு."

"பரவால்ல விடு. நீ இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன். நல்லா இருப்பய்யா."

சனிக்கிழமை வாத்துகள் வந்தன. அறுப்பு முடிந்த வயலில் மேய்ந்துவிட்டு, நாற்பதும் வரிசையாக வாசலில் நின்றன. ஒவ்வொன்றும் தன் நெஞ்சிலிருந்து ஒரு சிட்டிகைப் பொடி இறகை எடுத்து அன்னக்கூடையில் போட்டது. கடைசியாக வந்த வாத்து கண்ணாடி போட்டிருந்தது. அந்த அம்மாள்தான் படிவம் வைத்திருந்தாள்.

"யாருக்கு?"

"என் வூட்டுக்காரிக்கு."

"அவங்களுக்கு இதுவரைக்கும் நன்றி சொன்ன தேதி?"

முனிரத்தினம் யோசித்தார். "வூட்ல யாரும்மா நன்றி சொல்லுவாங்க? அசலார் மாதிரி நினைச்சுக்க மாட்டாங்களா?"

"நாற்பது வீட்டுல இதையேதான் சொன்னாங்க" என்றாள் வாத்து. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு முத்திரை குத்தினாள். பெரிய மனசு.

அப்படிப்பட்டவளை நிற்க வைத்தா பேசுவது? "உள்ள வாங்க, உக்காருங்க" என்றார் முனிரத்தினம். வெளியே வெயில் நூற்றாறு டிகிரி. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஃபேன், அப்புறம் தண்ணீர். ஃபேனைப் போட்டார். ஐந்தில் வைத்தார்.

அன்னக்கூடையிலிருந்து இறகு முழுவதும் எழுந்தது. கூடத்தை இரண்டு சுற்று சுற்றியது. ஜன்னல் வழியாக ஒழுங்காக வெளியேறி மலைப்பக்கம் போயிற்று.

வாத்து தண்ணீரைக் குடித்து முடித்தாள். "ஃபேன் நல்லா சுத்துது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐயோ பாவம், முனிரத்தினம் அழுதேவிட்டார். அழுதுகொண்டே காலி அறைகளின் வாயை ஒவ்வொன்றாகத் தைத்து மூடினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசி அறையை மூடும்போது ஞாயிறு பன்னிரண்டு அடித்தது.

காலிப் போர்வையோடு ஓடினார். மலை மாவு மில்லைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஒருமுறை ஊதினார். மலை நின்றது. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் சும்மாவா?

மேலே ஒரு பாறையோரம் சுலோச்சனா இருந்தாள். தண்ணீர்க் குடம் அளவுக்கு ஒடுங்கிப்போயிருந்தாள். தலையெல்லாம் பொடி இறகு.

"நேத்து இங்க பஞ்சு மாதிரி பெஞ்சுதுங்க. அதுலதான் உசிரு நின்னுச்சு" என்றாள். போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். "உள்ள ஒண்ணுமே இல்லியே."

"இல்ல."

"ஒரு அறைகூட நேரா இல்ல."

"இல்ல. சுலோச்சனா, நன்றி."

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"யாருக்குங்க?"

"உனக்குத்தான். விடியக்காத்தால எனக்குக் குளிரும். நீ எழுந்து ஃபேன ரெண்டுல வைப்ப. போர்வைய இழுத்து விடுவ. நான் முழிச்சுக்கினுதான் இருப்பேன். தூங்குற மாதிரியே படுத்திருப்பேன். இருபத்தாறு வருஷமா."

"போங்க, என்னமோ அசலாருகிட்ட பேசுற மாதிரி" என்றாள். முகம் சிவந்தது. நெற்றி வேர்த்தது. கழுத்து வேர்த்தது. வேர்க்க வேர்க்கப் பழைய அளவுக்கு வந்தாள். முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

வேர்த்தால் இறக்க வேண்டும், விதி விதிதான். மலை தெருவுக்குள் திரும்பி வந்து, இருவரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. முனிரத்தினம் இரண்டு விசில் கொடுத்தார். மலை வாலாஜாவுக்குப் போயிற்று.

உள்ளே ஏகாம்பரம் பாடிக்கொண்டிருந்தார். "எண்ணெய் எத்தனை சொட்டு விட்டீங்க?" என்றாள் சுலோச்சனா. முனிரத்தினம் போய்ப் பாயில் படுத்துக் காலிப் போர்வையைப் போர்த்திக்கொண்டார். ஃபேன் நேற்றிலிருந்து ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அதை இரண்டில் வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டாள். அவர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.